வன்னியின் உழைப்பு வரலாறு – 17: தையல் லைனுக்கு வந்த ஊர்கள்

இலங்கையின் ஏற்றுமதி ஆடைத் தொழில் வன்னிப் பெருநிலத்துக்குள் நுழைந்தது போர் முடிந்த பின்னர்தான். தென்னிலங்கையில் அத்தொழில் தொடங்கி அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கிளிநொச்சி அறிவியல் நகர், வவுனியா, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களில் எழுந்த தொழிற்சாலைகளுக்கு முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், விசுவமடு போன்ற ஊர்களின் இளம் பெண்கள் விடிகாலையில் பஸ் ஏறத் தொடங்கினார்கள். வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த முல்லைத்தீவு மாவட்டத்தில், மாதச் சம்பளத்துக்கு ஆலை வேலை பார்க்கும் பெண்களின் முதல் தலைமுறை இப்படித்தான் உருவானது. அவர்கள் தைத்தவற்றில் விளையாட்டு உடுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகெங்கும் ஓட்டக்காரரும் உடற்பயிற்சி செய்பவரும் அணியும், இழுபடும் துணியிலான சட்டைகளும் காற்சட்டைகளும் அவை.

இந்தப் பெண்களின் உரிமைகள் எந்தச் சட்டங்களால் வகுக்கப்பட்டன, எந்தச் சந்தையால் குறுக்கப்பட்டன என்பதை விளங்கிக்கொள்ள 1970களுக்குப் போக வேண்டும். 1974இல் நடைமுறைக்கு வந்த பல்இழை உடன்படிக்கை, வளர்ந்த நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று ஒதுக்கீடு வைத்தது. ஹொங்கொங், கொரியா போன்ற நாடுகளின் ஒதுக்கீடு நிரம்பியதும் அங்கிருந்த முதலீட்டாளர் ஒதுக்கீடு மிஞ்சிக் கிடந்த நாடுகளைத் தேடினார்கள். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. பின்னர் பியகமவும் கொக்கலவும் வந்தன. கிராமத்துச் சிங்களப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வலயத்தைச் சுற்றியிருந்த வாடகை அறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தொழிற் சட்டங்கள் அதற்கு வெகு முன்னரே இருந்தன. தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம் 1935ஆம் ஆண்டினது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பது அதன் விதி. மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939இலும், சம்பளச் சபைகள் சட்டம் 1941இலும், தொழிற்சாலைகள் சட்டம் 1942இலும் வந்தன. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் நிதிக்குப் போகின்றன. ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்க வேண்டும் என்று 1983இல் சட்டமானது. தெற்காசியாவில் இவ்வளவு அடர்த்தியான பாதுகாப்புகளை எழுத்தில் வைத்திருந்த நாடுகள் குறைவு. வர்த்தக வலயங்களில் இச்சட்டங்கள் தள்ளிவைக்கப்படவில்லை; ஆனால் அவற்றைக் கேட்டு வாங்கித் தரும் சங்கம் வாசலுக்கு உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. 1982இன் கடைசியில் இரத்மலானை பொலிடெக்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தமே ஆடைத் தொழிலாளர் போராட்டங்களில் முதலாவது பெரிய நிகழ்வு.

1992இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவது அதன் நோக்கம். வன்னி அந்த வரைபடத்தில் இடம்பெறவில்லை. அங்கே போரும், மண்ணெண்ணெயிலிருந்து பற்றரி வரை தடுத்துவைத்த பொருளாதாரத் தடையும் நிலவின. ஏ9 வீதி 2002இல் திறந்து 2006இல் மறுபடி மூடியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் எந்த ஏற்றுமதி முதலீட்டுக்கும் போதவில்லை.

வன்னி மூடிக்கிடந்த இந்தக் காலத்தில்தான் விளையாட்டு உடுப்பு வணிகம் உலகளவில் முதன்முறையாகக் கேள்விக்குள்ளானது. நைக்கி போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று தொழிற்சாலை வைத்துக்கொள்வதில்லை. வடிவமைப்பும் விளம்பரமும் அவர்களிடம். தையல் வேறு யாரிடமோ. இந்தோனேசியா, வியட்நாம் தொழிற்சாலைகளில் நிலவிய கூலியும் அடக்குமுறையும் 1990களில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1996இல் பாக்கிஸ்தானின் சியால்கோட்டில் நைக்கிப் பந்து தைக்கும் சிறுவனின் படம் அமெரிக்க 'லைஃப்' இதழில் வந்தபோது பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1998 மே மாதம் நைக்கித் தலைவர் ஃபில் நைட் வொஷிங்டனில் பேசும்போது, தமது நிறுவனத்தின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய மேலதிக நேரத்துக்கும் மறுபெயராகிவிட்டதை ஒப்புக்கொண்டார். குறைந்தபட்ச வயதை உயர்த்துவதாகவும் தொழிற்சாலைக் காற்றின் தரத்தைக் கூட்டுவதாகவும் உறுதியளித்தார். கூலியை உயர்த்துவது பற்றிய உறுதிமொழி அந்தப் பட்டியலில் இல்லை. அதன்பின் வந்த கால் நூற்றாண்டின் சீர்திருத்தங்களிலும் இந்த ஓர் இடம்தான் பெரும்பாலும் வெற்றாகவே இருந்தது.

நடத்தைக் கோவைகளும் சமூகத் தணிக்கைகளும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை. 1999இல் நியாயத் தொழில் சங்கம் என்ற கண்காணிப்பு அமைப்பும், அடுத்த ஆண்டு மாணவர் இயக்கத்தின் பின்பலத்தோடு தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பும் அமெரிக்காவில் உருவாயின. 2005இல் நைக்கி தனது எழுநூறுக்கு மேற்பட்ட வழங்குநர் தொழிற்சாலைகளின் பெயர்களை வெளியிட்டது. எந்தச் சட்டை எந்த ஊரில் தைக்கப்படுகிறது என்பது அதுவரை வணிக இரகசியம்.

இலங்கையில் இந்தப் புதிய ஏற்பாடு சோதிக்கப்பட்டது கட்டுநாயக்கவின் ஜக்கலங்கா தொழிற்சாலையில். நைக்கிக்கும் தைத்துக்கொடுத்த ஆலை அது. 1999இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு தொழிற்சாலையில் 40 வீதமானோர் உறுப்பினராக உள்ள சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும். மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. 2003 ஜூலையில் அங்கே தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு நடத்தியது. தொழிலாளர் சுமார் நானூறு பேர். வாக்களிக்க வந்தவர்கள் 17 பேர். சங்கத்துக்கு வாக்களித்தால் ஆலை மூடப்படும் என்ற அச்சுறுத்தல் இருந்ததாகத் தொழிற்சங்கமும் வெளிநாட்டு அமைப்புகளும் முறையிட்டன. வாங்குபவர்களின் அழுத்தத்துக்குப் பின்னர் அதே ஆண்டு ஒக்டோபரில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. சட்டம் சாதிக்காததைக் கொள்வனவாளரின் கடிதம் சாதித்தது என்பதில் மகிழ்ச்சிக்கும் கவலைக்கும் சம அளவில் இடமுண்டு.

2004 முடிவோடு ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. சீனாவின் மலிவோடு போட்டியிட முடியாத இலங்கை, நெறி தவறாத உற்பத்தியாளர் என்ற பெயரைச் சம்பாதிக்க முயன்றது. 2006இல் தொழில்துறை அமைப்புகள் 'குற்றமற்ற ஆடைகள்' என்ற பிரசாரத்தைத் தொடங்கின. சிறுவர் உழைப்பு இல்லை, வியர்வைக்கூடம் இல்லை, வெளிச்சமும் காற்றோட்டமும் உண்டு என்று சொன்னார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்ததைப்போன்ற பேரவலம் இலங்கை ஆடைத் தொழிலில் நிகழவில்லை. ஆயினும் சங்கம் அமைக்கும் உரிமையும் வாழ்வதற்குப் போதுமான சம்பளமும் அந்தப் பிரசாரத்தில் பேசப்பட்டவை அல்ல. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை வழங்கியிருந்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பின்பற்றுவது அதற்கான நிபந்தனை.

இந்த இடத்தில் வன்னியின் கதையும் ஆடைத் தொழிலின் கதையும் முடிச்சிட்டுக்கொள்கின்றன. 2008 டிசெம்பரில் இராணுவம் முள்ளியவளையைக் கைப்பற்றியது. 2009 ஜனவரி 25இல் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. ஊர்மக்கள் இடம்பெயர்ந்து போக, மே மாதம் முள்ளிவாய்க்காலில் எஞ்சியவர்கள் செட்டிகுளம் மனிக்பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். போரின் இறுதிக் காலத்து மனித உரிமை நிலைமையை முன்வைத்து, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை உட்பட மூன்று உடன்படிக்கைகளை இலங்கை நிறைவேற்றவில்லை என்று ஐரோப்பிய ஆணைக்குழு முடிவு செய்தது. 2010 ஆகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் நிறுத்தப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து 2017 மே மாதம்தான் அது திரும்பியது. ஆக, வன்னி மக்களுக்கு நேர்ந்தவற்றின் காரணமாகத் தென்னிலங்கை ஆடைத் தொழில் தன் சலுகையை இழந்தது. அதே ஆண்டுகளில் அந்தத் தொழில், மீட்சியின் அடையாளமாக வன்னிக்கு அழைத்துவரப்பட்டது.

முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குப் பற்றிப்பிடிக்க எதுவும் இருக்கவில்லை. வள்ளமும் வலையும் மாடும் உழவு இயந்திரமும் போய்விட்டன. கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் நிலமே இராணுவத்தின் கையில் இருந்தது. 2012/13 வீட்டு வருமான, செலவின ஆய்வில் முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை வீதம் 28.8, நாட்டிலேயே அதுதான் அதிகம். கணவரை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடியோ குடும்பம் நடத்தும் பெண்கள் ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் இருந்தார்கள். நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணைக்காரர் படலையில் நின்றார். புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் பெண் போராளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிகளிலும் தையல் முன்னிடம் பெற்றது. இத்தகைய மாவட்டத்தில் மாதச் சம்பளம் தரும் தொழிற்சாலைக்கு ஆள் சேர்ப்பது கடினமாயிருக்கவில்லை. ஆனால் இந்த வேலைவாய்ப்பின் முதல் அலை வன்னிக்குள் அமையவே இல்லை. போர் முடிந்த கையோடு ஆட்சேர்ப்பு முகவர்கள் இளம் பெண்களைக் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சிங்களம் தெரியாமல், அறிவித்தல் பலகையைப் படிக்க முடியாமல், நாட்கூலி முகவர் வழியாக வேலை பார்த்தவர்களின் நிலை மிக மோசமாயிருந்தது. நிரந்தரப் பதிவு இல்லாதவருக்குச் சேமலாப நிதியும் இல்லை, விடுமுறையும் இல்லை.

அதன்பின் தொழிற்சாலைகள் வடக்கே வந்தன. 1987இல் அமலியன் சகோதரர்கள் தொடங்கிய எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ், அமெரிக்காவின் அப்போதைய உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டின் கூட்டோடு கிளிநொச்சியில் காலூன்றியது. வானவில், விடியல் என்ற தமிழ்ப் பெயர்களோடு அறிவியல் நகரில் அதன் ஆலைகள் எழுந்தன. வவுனியாவில் இத்தாலிய உள்ளாடை நிறுவனமொன்றின் தொழிற்சாலை வந்தது. புதுக்குடியிருப்பிலும் ஆடை ஆலை இயங்கத் தொடங்கியது. குளிரூட்டிய மண்டபம், மதிய உணவு, இலவச பஸ், தமிழில் பேசும் மேற்பார்வையாளர் என்று, கட்டுநாயக்கவின் தொடக்க காலத்தோடு ஒப்பிட்டால் இவை நல்ல தொழிற்சாலைகள். வீட்டிலிருந்தே போய்வர முடிவது பெரிய வசதி. இதை ஒப்புக்கொள்ளாத எந்த விமர்சனமும் அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் எடுபடாது.

தையல் மண்டபத்தின் உள்ளே நடப்பதை நிமிடக் கணக்கில்தான் விளங்கிக்கொள்ள முடியும். ஒரு சட்டையின் ஒவ்வொரு தையலுக்கும் எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று தொழிற்பொறியியல் பிரிவு கணித்துவைத்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அந்தச் சட்டையின் நிர்ணய நிமிடம். ஒரு சட்டைக்கு 12 நிமிடம் என்றும், ஒரு லைனில் 30 பேர் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அந்த லைனுக்குக் கிடைப்பது 1,800 நிமிடம். முழுத் திறனில் 150 சட்டை. எழுபது வீதத் திறனில் 105. இதுவே டார்கெட். ஒவ்வொரு மணிக்கும் லைனின் தலைமாட்டுப் பலகையில் அது எழுதப்படும். விளையாட்டு உடுப்பின் துணி இழுபடுவதால் ஓவர்லொக், பிளட்லொக் இயந்திரங்களில் கை நிதானம் அதிகம் வேண்டும். தையல் கொஞ்சம் விலகினாலும் சட்டை திரும்பி வரும். ஒருத்தி மலசலகூடத்துக்கு எழுந்தால் அவளுக்கு முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவள் கை காய்ந்து நிற்பாள். லைன் முழுவதற்குமான ஊக்கத்தொகை அதில் தொங்குவதால், மேற்பார்வையாளர் திட்டுவதற்கு முன்னரே பக்கத்து மெஷின்காரியின் முகம் சுளிக்கும். ஒருவரை ஒருவர் காவல்காக்கும் வேலையைச் சம்பள முறையே செய்துவிடுகிறது. சிறுநீரை அடக்குவதும், தண்ணீர் குடிக்காமலிருப்பதும், முதுகு வலியும் இத்தொழிலின் பொதுவான நோய்கள்.

சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ஒன்று; வரவுக் கொடுப்பனவு, உற்பத்தி ஊக்கத்தொகை, மேலதிக நேரம் என்பன அதன்மேல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் அந்த நாளின் கூலியோடு வரவுக் கொடுப்பனவும் குறையும். பெண் தொழிலாளரின் மேலதிக நேரத்துக்கு மாதம் 60 மணி என்ற உச்சவரம்பை 2002இன் திருத்தம் வைத்தது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. சேமலாப நிதி அதற்குக் கணக்கிடப்படுவதில்லை. எனவே கையில் வரும் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் முதுமைக்குச் சேர்வது அடிப்படைச் சம்பளத்தையே ஒட்டியிருக்கும். அந்த அடிப்படையோ வெகுகாலம் தேங்கிக் கிடந்தது. தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டமாக்கியது 2016இல்தான். தொகை 10,000 ரூபாய். 2021இல் அது 12,500 ஆனது. சட்டையின் சில்லறை விலையில் தைத்தவளுக்குப் போகும் பங்கு சில வீதத்துக்கு மேல் வருவதில்லை. அந்த விலை அமெரிக்காவிலோ ஜேர்மனியிலோ உள்ள விளையாட்டு உடுப்பு நிறுவனங்களின் தலைமையகங்களில் தீர்மானிக்கப்படுவது. கிளிநொச்சி முகாமையாளர் விரும்பினாலும் அதை அசைக்க முடியாது.

வன்னியில் எல்லாவற்றிலும் கடினமானது சங்கம். ஆடைத் தொழிலாளருக்கான சங்கங்களின் தலைமைகளும் அனுபவமும் கட்டுநாயக்கவைச் சுற்றியே திரண்டவை. அவற்றின் வேலை மொழி பெரும்பாலும் சிங்களம். வடக்கில் அரச ஊழியரும் ஆசிரியரும் மீனவரும் சங்கம் கண்டவர்கள். தனியார் ஆலைத் தொழிலாளருக்கு அந்த மரபு இல்லை. காங்கேசன்துறை சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு அழிந்தபோது அவற்றின் தொழிற்சங்க நினைவும் சேர்ந்தே போயிற்று. இதற்கு மேலாக, நாலு பேர் கூடினால் யார், எதற்கு என்று புலனாய்வாளர் விசாரித்துப்போகும் மாவட்டத்தில், உறுப்பினர் படிவத்தில் பெயர் எழுதுவது ஒரு குடும்பமே யோசிக்கும் காரியம். தொழிற்சாலைகளில் உள்ள ஊழியர் சபைகள் உணவு, பஸ், விளையாட்டுப் போட்டி பற்றிப் பேசும். சம்பளம் பேசுவதற்கான கூட்டுப் பேரச் சக்தி அவற்றுக்கு இல்லை.

தெற்கில் தொழிலாளர் எதிர்ப்புக்கு அரசு எப்படிப் பதில் சொல்லும் என்பதை வன்னியும் பார்த்திருந்தது. தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து 2011 மே 30இல் கட்டுநாயக்கவில் தொழிலாளர் திரண்டபோது பொலிஸார் சுட்டார்கள். காயமடைந்த ரொஷேன் சானக ஜூன் 1இல் இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது.

பெருந்தொற்று இந்தத் தொழிலின் எல்லா விரிசல்களையும் ஒரே நேரத்தில் காட்டியது. 2020 மார்ச்சுக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் ஓடர்களை ரத்துச் செய்தன, சில தைத்து முடித்தவற்றுக்கும் பணம் தர மறுத்தன. வேலையின்றி வீட்டிலிருப்போருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், எது கூடுதலோ அது என்று அரசும் முதலாளிமாரும் சங்கங்களும் இணங்கின. அதே ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து இரண்டாம் அலை கிளம்பியது. 2021 மே மாதம் தொற்று புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலைக்கும் வந்தது. அது தொழிலாளரின் ஊர்களுக்குப் பரவவே, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை ஆகிய மூன்று பொலிஸ் பிரிவுகளும் முடக்கப்பட்டன. அது முள்ளிவாய்க்கால் நினைவேந்தலை ஒட்டிய நேரம் என்பதால், முடக்கத்தின் நோக்கம் சுகாதாரம் மட்டும்தானா என்ற கேள்வியைத் தமிழ் அரசியல்வாதிகள் எழுப்பினார்கள். நாடெங்கும் பயணத்தடை இருந்தபோதும் ஏற்றுமதி ஆலைகள் இயங்க அனுமதி நீடித்தது. ஊர் வீட்டுக்குள் இருக்க, தொழிற்சாலை பஸ் மட்டும் ஓடியது. ஊரார் குறை சொன்னது ஆலையை விட அதிகமாகப் பஸ்ஸில் போன பிள்ளைகளைத்தான். இதைவிட அநியாயம் வேறில்லை: கூட்டம் கூட்டமாக ஏற்றிச்செல்வதா, இடைவெளி விட்டு இருத்துவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை.

2022இன் நெருக்கடியில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ஆனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. டொலரில் விற்று ரூபாயில் சம்பளம் கொடுக்கும் தொழிலுக்கு இது கூலிச் செலவின் பெரும் வீழ்ச்சி. தொழிலாளிக்கோ அரிசி விலையின் ஏற்றம். குறைந்தபட்சச் சம்பளம் 2024இல் 17,500 ஆகவும், 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. கடைசி உயர்வுகள் சிறியவை அல்ல. ஆனால் விலைகளும் அதற்குள் பல மடங்கு ஏறியிருந்தன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரியை அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 ஆகக் குறைத்தபோது, தொழிற்சாலைகள் மூடப்படுமோ என்ற அச்சம் மறுபடி வந்தது. அச்சம் நிலவும்போது சம்பளம் கேட்பவர் யாரும் இல்லை.

சட்டத்தையும் தணிக்கையையும் கடந்த மூன்றாவது வழி ஒன்று பாக்கு நீரிணைக்கு அப்பால் உருவானது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலையொன்றின் தலித் பெண் தொழிலாளி தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைக் கையிலெடுத்தது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், கொள்வனவாளரான எச் அண்ட் எம்மும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொழிற்சாலைத் தளத்திலேயே சங்கம் பயிற்றுவித்த பெண்கள் கண்காணித்தார்கள். ஆலை விதிகளை மீறினால் கொள்வனவாளர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் கட்டிப்போட்டது. ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் தணிக்கையாளருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் தொழிலாளியும் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு என்பது. ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தபின், அந்நாட்டுப் பெரிய நிறுவனங்களுக்குத் தைக்கும் ஆலையின் தொழிலாளர் அங்கேயே முறைப்பாடு செய்யவும் வழி பிறந்தது. அடிடாஸும் பியூமாவும் ஜேர்மன் நிறுவனங்கள்.

வன்னியின் ஆலைகளுக்குப் பொருந்தும் பாடம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது, மொழிபெயர்க்கக்கூடத் தேவையில்லை. அதற்கு முதலில் வேண்டியது தமிழில் இயங்கும் ஒரு சங்கம். பதிவு செய்ய ஏழு பேர், அங்கீகாரம் கேட்க 40 வீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தில் தொழிலாளியைப் பாதுகாக்கும் பொறுப்பு தொழில் திணைக்களத்துடையது. அதை அது முல்லைத்தீவில் இன்னும் நிறைவேற்றவில்லை.